முறை தப்பிய மகரந்தம்

தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில், பஸ் நிற்காத ஊர் ஒன்றில் செவ்வந்தி வாழ்க்கைப்பட்டாள். நிற்கவே நிற்காது என்று சொல்ல முடியாது. அவளுடைய மாமியார் கை காட்டினால் நிற்கும். அந்த அம்மாள் குரல் கொடுத்து ஒருமுறை கரும்பு டிராக்டர் நின்றது, அதன் பின்னால் வந்த கல்யாண ஊர்வலம் நின்றது, மாப்பிள்ளை குதிரையிலிருந்து இறங்கி வணக்கம் சொன்னார். குதிரை விஷயம் மட்டும் நான் சேர்த்தது.

அந்த வீட்டின் மூத்த மருமகள் செவ்வந்தி. மூன்று கொழுந்தன்மார், அவர்கள் குடும்பம், ஐந்து மாடு. பின்கட்டிலிருந்து வாசலுக்கு வர அவளுக்கு ஒரு காரணம் வேண்டும். வாசலிலிருந்து தெருவுக்குப் போக இரண்டு காரணம் வேண்டும். அவள் புருஷன் வீரமணி கெட்டவன் இல்லை. அம்மா பேச ஆரம்பித்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவான். அந்த மாடுகளைப் போல வயிறு நிறையத் தண்ணீர் குடித்த மாடுகள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

இருபத்தாறு வருஷம் இப்படிப் போனது. நடுவில் அவளை வெளியே இழுத்தது கிராசிங் வேலை. பருத்திப் பூ மலர்வதற்கு முதல் நாளே அதன் ஆண் பாகத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு, மறுநாள் வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவி நூல் கட்டிவிடுவதற்கு இந்தப் பக்கத்தில் கிராசிங் என்று பேர். காட்டுக்குக் காடு இந்த வேலை செய்கிற பெண்கள் உண்டு. ஆனால் செவ்வந்தியின் கை வேறு. தேனீ உட்கார்ந்திருக்கும்போதே பூவைப் பிரித்து வேலையை முடித்துவிடுவாள், தேனீ எழுந்திருக்காது என்பார்கள். நான் பார்த்த அன்றைக்கு எழுந்தது. ஆனால் கொட்டவில்லை.

அந்தக் கைப் பேச்சைக் கேட்டுத்தான் நான்கு வருஷத்துக்கு முன் நிர்மலா வந்தாள். ஒரு விதைக் கம்பெனியின் ஆராய்ச்சிக்காரி, முப்பது முப்பத்திரண்டு வயது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் வலைக்கூடாரம் போட்டிருந்தார்கள். கார்த்திகையிலிருந்து மாசி வரை, குளிர் இருக்கும் நான்கு மாதமும் அங்கேயே தங்கி வேலை செய்ய ஆள் வேண்டும். மாமியார் ஒத்துக்கொள்வாள் என்று யாரும் நினைக்கவில்லை.

"இன்னா வலை அது?" என்று அவள் கேட்டாள்.

"பூச்சி உள்ள போகக் கூடாதும்மா. விதை வெளிய வரக் கூடாது. ரெண்டு கதவு இருக்கும். வெளியில தாப்பாள் போட்டுடுவோம்," என்றாள் நிர்மலா.

"வெளியிலயா தாப்பா? அப்ப சரி. இட்டுக்கினு போ," என்றாள் மாமியார்.

இப்படியாக, வெளியே தாழ்ப்பாள் போட்ட ஒரு இடத்தில்தான் செவ்வந்தி மூச்சு விட்டாள். உள்ளே யாரும் அவளைக் காபி கேட்கவில்லை. மதியம் ஒரு மணிக்குக் காவல்காரர் தாழ்ப்பாளை நீக்கும்வரை அவளும் செடிகளும், கூட வேலை செய்யும் ஒருத்தியும்தான். முதல் கதவுக்கும் இரண்டாவது கதவுக்கும் நடுவில் நின்று புடவையையும் தலைமுடியையும் உதறிவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். அந்த உதறலைக்கூட அவள் நிதானமாகச் செய்வாள். சீக்கிரம் வெளியே போய் அவளுக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை.

உள்ளே இருந்தது கொண்டைக்கடலை. நம் ஊரில் மூக்கடலை என்று சுண்டல் செய்கிறோமே, அதேதான். கூடவே, தரையோடு தரையாகப் படர்ந்த சில காட்டுச் செடிகள். துருக்கி மலைகளிலிருந்து வந்த விதை. காய் முற்றினால் பட்டென்று வெடித்து விதையை எறியும். இரண்டாவது கதவு அதற்குத்தான். அந்தச் செடிகளின் இலையில் சுரக்கும் புளிப்பு விரலிடுக்கில் இறங்கி எரியும். சாலம்மாள் ராத்திரியெல்லாம் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்வாள். சாலம்மாள் கச்சிராயபாளையத்துக்காரி, செவ்வந்திக்கு மூத்தவள். கூடாரத்தில் அவளோடு வேலை செய்த ஒரே ஆள்.

நான்காம் வருஷ ஆரம்பத்தில் நிர்மலா இருவரையும் உட்கார வைத்து விளக்கினாள்.

"பத்தாயிரம் வருஷமா வயல்ல செல்லமா வளர்ந்ததுல நம்ம கடலை நோஞ்சானாயிடுச்சு. வாடல் நோய் வந்தா சாஞ்சுடுது. காட்டுல இருக்கிறதுக்கு அந்தத் தெம்பு இன்னும் இருக்கு. அத இதுக்குள்ள கொண்டாரணும். ரெண்டாம் வரிசையில இருக்கு பாருங்க, விதை மேல வலை மாதிரி கோடு போட்டது, அதுவும் நம்ம கடலையும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க மாதிரி. மூணாம் வரிசை முள்ளு விதை, சித்தப்பா பிள்ளைன்னு வச்சுக்கங்க. நாலாம் வரிசை ரொம்பத் தூரத்துச் சொந்தம். இந்த வருஷம் முக்கியமானது ரெண்டாம் வரிசைதான். அது செவ்வந்தி அக்கா கைக்கு."

சாலம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அய்ய! கூடப் பொறந்ததுங்களுக்கா மேடம் கண்ணாலம் பண்ணி வெக்கச் சொல்றீங்க?"

"செடிக்கு ஏதுக்கா முறை?" என்று நிர்மலாவும் சிரித்தாள்.

செவ்வந்தி மட்டும் சிரிக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அவள் பிறந்த ஊர் மணலூர்பேட்டைக்குப் பக்கம். பத்தொன்பது வயதில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன் வெற்றிவேலைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். நாள் பார்க்கும் நேரத்தில் ஒரு கிழவர் வந்து, இரண்டு குடும்பமும் பொங்கல் வைப்பது ஒரே குலதெய்வத்துக்கு என்று கண்டுபிடித்தார். ஏழு தலைமுறைக்கு முன்னால் பிரிந்தவர்கள். ஆனாலும் பங்காளி. பங்காளி என்றால் அண்ணன் தங்கை. கோயில் முன்னால் ஊரைக் கூட்டி, அவளை "அண்ணே" என்று மூன்று தடவை சொல்ல வைத்தார்கள். அடுத்த தையில் வீரமணியோடு அவளுக்குக் கல்யாணம் நடந்தபோது, அண்ணன் முறைக்கு அவள் கையில் பொரி போடவும் வெற்றிவேலையே நிறுத்தினார்கள். பொரியில் பாதி கீழே கொட்டியது. யார் கை நடுங்கியது என்று அந்த ஊரில் இன்னும் இரண்டு கட்சி உண்டு.

அவள் அழவில்லை, ஓடவில்லை. முறை இல்லை என்றால் இல்லை. அதை விழுங்கிக்கொண்டு பின்கட்டுக்குள் போனாள்.

இப்போது கையில் சாமணத்தோடு, அந்தச் சின்ன இடுக்கியோடு, அவள் கடலைச் செடி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மலர இருந்த மொட்டை நேற்றே பிரித்து, உள்ளே இருக்கும் பத்து மகரந்தப் பைகளையும் சூல்முடிக்கு வலிக்காமல் எடுத்தாகிவிட்டது. இன்று காலை, இரண்டாம் வரிசைப் பூவைப் பறித்து வந்து அதில் தடவவேண்டும். செடிக்குச் சாதி சனம் இல்லையென்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். எட்டாவது வரை படித்தவள். ஆனால் கை போகவில்லை. பாவம் என்கிற பயம் கால்வாசி. முக்கால்வாசி வேறு ஒன்று. எனக்கு ஆகாதது இதற்கு மட்டும் எப்படி ஆகும் என்கிற வீம்பு.

எழுந்து நாலாம் வரிசைக்குப் போனாள். தூரத்துச் சொந்தத்தின் பூவைக் கிள்ளி வந்து தடவினாள். சீட்டில் இரண்டாம் வரிசை என்றே எழுதி, தன் பேருக்கு அடையாளமாக 'செ' போட்டுக் கட்டினாள். அன்றைக்கு ஒரு பூ. மறுநாள் பத்து. மார்கழி முடிவதற்குள் முந்நூறு.

காயெல்லாம் நன்றாகத்தான் பிடித்தது. நிர்மலா தினமும் வந்து எண்ணி மகிழ்ந்தாள். தை கடைசியில் ஒரு காயைப் பிளந்து பார்த்தாள். உள்ளே காற்று. இன்னொன்று, அதிலும் காற்று. கடுகை விடச் சின்னதாக, கறுத்துச் சுருங்கின ஏதோ ஒன்று ஓட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்பது காய் பிளந்தாள். நாற்பதும் அப்படியே.

 திட்டு விழும், மலையிலிருந்து இறக்கிவிடுவார்கள், வருஷத்தின் நான்கு மாதமும் இனிப் பின்கட்டில்தான் என்று எண்ணியபடி செவ்வந்தி நின்றுகொண்டிருந்தாள். நிர்மலா திட்டவில்லை.

"அக்கா, உங்க கை தப்புப் பண்ணியிருந்தா பாதிப் பூவு அப்பவே வாடி விழுந்திருக்கும். விழலியே. அப்ப தப்பு உங்க மேல இல்ல. செடிதான் ஒத்துக்கல."

"செடியா மேடம்?"

"இவ்ளோ நெருங்கின சொந்தம் கரு தங்காமப் போறத இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல. எல்லாப் புஸ்தகத்துலயும் இது ரெண்டும் சுலபமாச் சேரும்னுதான் இருக்கு. நம்ம ஊரு கடலையில ஏதோ புதுசா இருக்கு. கம்பெனியில தீனதயாளன் சாருக்கு எழுதிட்டேன். வெள்ளிக்கிழம வர்றாரு."

அவளை மாட்டிவிட்டது அவளுடைய கைதான். சாலம்மாள் கையாக இருந்தால் முதல் கேள்வி கையைப் பற்றித்தான் வந்திருக்கும். செவ்வந்தி கை பொய் சொல்லும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனவே பொய் சொன்னது செடி என்று ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் தங்கும் கொட்டகையில் சாலம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நாலாம் வரிசையில நீ பூ கிள்ளிக்கினு போனத நான் பாத்தேன்டி."

"பாத்தியாக்கா?"

"முந்நூறு தபா போயிட்டு முந்நூறு தபா வந்தே. கண்ணு இல்லாதவளா நானு?"

"அப்ப ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா ஒன்னிய எறக்கி வுட்ருவாங்க. அப்பறம் இந்தக் குளுருல நான் யார்கூடப் பேசறது, காவக்காரங்கூடயா? அந்தாளு பேசினா மூணு வார்த்தைக்கு ஒரு தபா இருமறான்." கிண்ணத்தை மறுபடி இழுத்துக்கொண்டு, "வாய மூடிக்கினு இரு. செடி வந்து சாட்சி சொல்லப் போவுதா இன்னா?" என்றாள்.

வாயை மூடிக்கொண்டிருப்பது செவ்வந்திக்குப் பழகின வேலை. மூன்று நாள் மூடிக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாள் வெளியே விழும் சத்தம் அந்த மூன்று நாளும் வேறு மாதிரிக் கேட்டது. ஒவ்வொரு செடியிலும் தன் எழுத்துப் போட்ட சீட்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு மணி எப்போது ஆகும் என்று முதல் தடவையாகக் கதவைப் பார்த்தாள். வெளியே போனாலும் மலை. மலையிலிருந்து இறங்கினால் வீடு.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நிர்மலா ஒரு காகிதத்தோடு உள்ளே வந்தாள். சாருக்குக் கொடுக்கப்போகும் அறிக்கை. கடைசிப் பக்கத்தைக் காட்டினாள்.

"இங்க பாருங்க, உங்க பேரு. கிராசிங் செய்தவர், செவ்வந்தி வீரமணி. இது அச்சாகும்போதும் உங்க பேர் இருக்கணும்னு சொல்லப் போறேன்."

ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அவள் பேர் அச்சில் வந்ததில்லை. அதிலும் ஒரு எழுத்து தப்பு. இங்கே தப்பில்லாமல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மேடம், அந்தப் பேர எடுத்துடுங்க."

"ஏன்க்கா?"

"செடி மேல தப்பு இல்ல. நான் தடவுனது ரெண்டாம் வரிசை இல்ல."

நிர்மலா கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தாள். "வேற எது?"

"நாலாம் வரிசை. தூரத்துச் சொந்தம்."

"எத்தனை பூவுக்கு?"

"எல்லாத்துக்குந்தான் மேடம்."

சாலம்மாள் தூரத்தில் ஒரு செடிக்குப் பின்னால் நன்றாகக் குனிந்துகொண்டாள். கடலைச் செடி முழங்கால் உயரம்கூட இருக்காது.

"ஏன்? ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"நீங்கதான மேடம் சொன்னீங்க, ஒரு தாய் வயித்துப் புள்ளைங்கன்னு."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுக்கா!"

"எங்க ஊர்ல பேச்சுக்குச் சொன்னாலும் முறை முறைதான் மேடம்."

"பத்தாயிரம் வருஷம் ஆச்சு அது ரெண்டும் பிரிஞ்சு! ஒண்ணு வயலுக்கு வந்துடுச்சு, ஒண்ணு மலையிலயே நின்னுடுச்சு. இன்னுமா அண்ணன் தங்கச்சி?"

"எங்களுக்கு ஏழு தலைமொறதான். அதுக்கே வுடலியே."

நிர்மலாவுக்குப் புரியவில்லை. செவ்வந்தி சொன்னாள். கோயில், மூன்று தடவை அண்ணே, பொரி. ஐந்தாறு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாததால் கதையை நீட்டத் தெரியவில்லை. என்னிடம் சொல்லியிருந்தால் அரைநாள் ஓட்டியிருப்பேன்.

"அதுக்கு என் செடிய..." என்று ஆரம்பித்த நிர்மலா நிறுத்திக்கொண்டாள். எழுந்து வரிசை வரிசையாக நடந்து மொட்டுகளைப் பார்த்தாள். மாசி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் எட்டு நாள், மிஞ்சினால் பத்து நாள் மொட்டு கிடைக்கும். அதற்குமேல் சூட்டில் காய் பிடிக்காது. ஒரு வருஷம் போய்விடும். கதவருகில் நின்று, "நாளைக்கு சார்கிட்ட நான் உள்ளது உள்ளபடி சொல்லித்தான் ஆகணும்க்கா," என்றாள்.

"சொல்லுங்க மேடம்."

மறுநாள் வந்த தீனதயாளன், கம்பெனியின் பெரிய அதிகாரி. குரலே உயராத மனிதர். குரலை உயர்த்தியிருந்தால் தேவலாம் என்று சாலம்மாள் பிற்பாடு சொன்னாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "சீட்டுல ஒண்ணு, பூவுல ஒண்ணு. இது தெரியாம நடக்கிற தப்பு இல்லம்மா. தெரிஞ்சே செஞ்சது. இனிமே நீங்க சாமணம் தொடக் கூடாது," என்றார்.

"ஆமாங்க சார்," என்றாள் செவ்வந்தி.

நிர்மலா குறுக்கிட்டாள். "சார், எட்டு நாள்ல முந்நூறு பூ. இந்தக் கையை விட்டா வேற கை இல்ல. நான் பக்கத்துலயே உக்காந்து ஒவ்வொண்ணாப் பாக்கறேன்."

அவர் வலையை, செடிகளை, கடைசியாக அவள் விரல்களைப் பார்த்தார். புளிப்பில் வெடித்து, நகக்கண் கறுத்த விரல்கள்.

"எட்டு நாள். அதுக்கப்புறம் இந்த வலைக்குள்ள கால் வைக்கக் கூடாது. அடுத்த வருஷம் வர்றதா இருந்தா வெளிக் காட்டுல களை எடுக்கலாம், தண்ணி கட்டலாம். இஷ்டம் இருந்தா."

அந்த எட்டு நாளும் நிர்மலாவின் மூச்சு செவ்வந்தியின் தோளில் பட்டுக்கொண்டே இருந்தது. மாமியாருக்குக்கூட அவ்வளவு பக்கத்தில் நின்று பார்க்கத் தோன்றியதில்லை. எந்த வரிசையில் கிள்ளுகிறாள், எந்தச் சீட்டில் எழுதுகிறாள், எல்லாம் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதப்பட்டது. தண்ணீர் குடிக்கப் போனாலும் கூடவே வந்தாள்.

முதல் பூவில் கை நின்றது. இரண்டாம் வரிசையிலிருந்து கிள்ளி வந்த ஊதாப் பூ இடது கையில். சூல்முடி நீட்டிக்கொண்டு காத்திருக்கும் கடலை மொட்டு வலது கைக்கு நேரே.  சாலம்மாள் பின்னாலிருந்து, "தடவுடி, நான் வேணும்னா மேளம் அடிக்கிறேன்," என்றாள்.

செவ்வந்தி தடவினாள்.

கடலைப் பூவில் நூற்றுக்கு இருபது பிடித்தாலே கையைக் கும்பிடுவார்கள். அந்த எட்டு நாளில் அவளுக்கு நூற்றுக்கு அறுபத்தொன்று பிடித்தது. இதில் ஒன்றுகூட நான் ஏற்றிச் சொல்லவில்லை. ஐந்தாறு ஏற்றியிருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து அறுவடைக்கு முன் விதை பார்க்கும் நாளன்று, அவளும் வலைக்கு வெளியே வந்து நிற்க அனுமதி வாங்கினாள் நிர்மலா. ஒரு காயைக் கிள்ளிக் கதவு வழியாக அவள் கையில் கொடுத்தாள். செவ்வந்தி அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கினாள். உள்ளே காற்று இல்லை. இரண்டு விதை, கெட்டியாக, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இருந்தன.

அவள் கண் கலங்கினாள் என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். அவள் கலங்கவில்லை. காயை அப்படியே நசுக்கினாள். ஓடு பிளந்து ஒரு விதை மண்ணில் தெறித்தது.

"ஐயோ அக்கா, ஒரு விதை போச்சே!" என்று நிர்மலா கத்தினாள். சாலம்மாளும் வந்து சேர, மூன்று பேரும் மண்டியிட்டு அரைமணி நேரம் தேடி அதை எடுத்தார்கள். எடுத்தவள் செவ்வந்திதான். முந்தானையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் தங்கியிருக்கு," என்றாள். "அப்ப கோயில்ல அவுங்க சொன்னது?"



பங்குனியில் அவள் மலையிலிருந்து இறங்கினாள். பின்கட்டு, ஐந்து மாடு. ஆறாவதாக ஒரு கன்று பிறந்திருந்தது. எட்டு மாதம் தன் விரல்களைச் சாணி தட்ட வைத்துக்கொண்டிருந்தாள். கார்த்திகை வந்தது. "வலைக்குத்தான போறே?" என்று மாமியார் கேட்டாள். "ஆமாங்க அத்தை, வலைக்குத்தான்," என்றாள். வெளிக்காடு என்று சொன்னால் அனுப்பமாட்டாள். தாழ்ப்பாளுக்கு வெளியே இருக்கிறாள் என்று அந்த வீட்டில் இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அந்த வீட்டில் படிக்கிற பழக்கமும் இல்லை.

இந்த வருஷம் தை மாதம் ஒருநாள் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி நானே போய்ப் பார்த்தேன். செவ்வந்தி மண்வெட்டியோடு வரப்பில் நின்றாள். கூடாரத்துக்குள்ளே அவள் சேர்த்து வைத்ததுகள் முளைத்து வளர்ந்து நின்றன. பாதி நிமிர்ந்து, பாதி படுத்து, எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிக்காத செடிகள். முதல் மொட்டு விட்டிருந்தது. சாலம்மாள் உள்ளே உட்கார்ந்து சாமணத்தால் ஒரு மொட்டைத் துழாவிக்கொண்டிருந்தாள். செவ்வந்தி தண்ணீர் மடையை மாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு வலையோரமே வந்து வந்து போனாள். நெற்றி வலையில் பதிந்து கட்டம் கட்டமாகக் கோடு விழுந்திருந்தது.

"அத்த வுடுக்கா, அது மலர்ந்த பூவு. உள்ள மகரந்தம் கொட்டிப் போயிருக்கும். மேல் கெளையில ஒண்ணு இருக்கு பாரு, அத்த எடு."

"உள்ள வரக் கூடாதவளுக்கு வாய் மட்டும் எப்பிடிடி உள்ள வருது?"

"எடுக்கா. நாளைக்கு விரிஞ்சுடும்."

சாலம்மாள் மேல் கிளையைத் தேடினாள், கிடைத்தது. மொட்டைப் பிடித்துக்கொண்டு சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஏண்டி செவ்வந்தி, எனக்கு ஒரு சந்தேகம். இதோட அம்மா நம்ம மூக்கடலை. அப்பன் அந்தக் காட்டான். அவன் அம்மாவுக்கு அண்ணன். அப்ப இந்தச் செடிக்கு அவன் அப்பனா, தாய்மாமனா?"

செவ்வந்தி மண்வெட்டியை ஊன்றி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"ரெண்டுந்தான்," என்றாள். "காது குத்து வெக்கறதும் அவன்தான், சீர் கொண்டாறதும் அவன்தான். ஒரு ஆளு கம்மி."

சாலம்மாள் சிரித்த சிரிப்பில் சாமணம் கீழே விழுந்தது. கொட்டகைப் பக்கமிருந்து காவல்காரர் இருமிக்கொண்டே, "அங்க இன்னா சத்தம்?" என்று எழுந்து வந்தார். செவ்வந்தி வலையை விட்டு நாலடி தள்ளிப் போய்க் குனிந்து களை பிடுங்க ஆரம்பித்தாள்.

"மொட்ட அமுக்கிப் புடிக்காதக்கா," என்றாள், நிமிராமலேயே. "ஒடிஞ்சுடும்."